வளையத்தில் ஒட்டிய பொட்டு

அந்தப் பெட்டியை மேடம் ஒருநாளும் காரின் டிக்கியில் வைக்க விட்டதில்லை. கறுப்பு நிறம், சதுரம், ஒரு சாப்பாட்டு டப்பாவைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் கீல் வைத்த மூடி. உள்ளே ஸ்பாஞ்சில் குழி வெட்டி, அதில் ஓர் அலுமினிய வளையம் படுத்திருக்கும். வளையத்தின் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம், மேளத்துக்குத் தோல் கட்டியதுபோல் விறைப்பாக இருக்கும். ஊதினால் பறந்துவிடும் என்று தோன்றும் அளவுக்கு மெல்லியது. திம்பம் மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேடம் அந்தப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். பின்னால் உட்கார்ந்தால் தலைசுற்றும் என்பதால் முன் சீட்டில்தான் வருவார். நான் அதிகம் பேசாதவன். இருந்தும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "கைக்கொழந்தைய வச்சிருக்கற மாதிரியே இருக்குதுங்க மேடம்."

மேடம் சிரித்தார். "கொழந்தைன்னா பசிச்சா அழுவுமுங்கண்ணா. இது கெட்டுப்போனாக்கூட வாயத் திறந்து சொல்லாது."

நான் அப்போது கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கல்லூரி வளாகத்துக்குள் யாராவது எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று, அவர்கள் போன பிறகு நடக்கும் பழக்கம் எனக்கு. மேடம் அங்கே இயற்பியல் பாடம் நடத்தினார். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் கிழங்கு தரம் பிரித்து மகளைப் படிக்க வைத்தவர். அந்த அம்மாவை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மகளைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். "இத்தன வருசமா படிக்கற, டாக்டராயிட்டா எனக்கொரு ஊசியாச்சும் போடத் தெரியுமா கண்ணு?" என்றார். "இது ஊசி போடற டாக்டர் இல்லீங்கம்மா" என்றார் மேடம். "அப்பறம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். டாக்டர் பட்டம் இல்லாத ஆசிரியர்களை அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் டிரைவர்களுக்குக் காது இல்லை என்று நினைத்துத்தான் எல்லோரும் காரில் பேசுவார்கள்.

மேடத்தின் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றினாலும் கேட்டிருக்க மாட்டேன். அவராகத்தான் சொன்னார். பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் அந்தப் படலத்தை அளந்து பார்க்கும் கருவி இருந்தது. நம் பக்கம் அப்படி ஒன்று கிடையாது. அங்கே நாள் கேட்டு, மாதக்கணக்கில் காத்திருந்துதான் போக வேண்டும். முதல்முறை போனபோது, சத்தியமங்கலம் தாண்டி மலை அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மேலே ஏதோ லாரி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. மேடம் இறங்கி, டிக்கியில் கிடந்த கயிற்றை எடுத்துத் தரச் சொன்னார். ஒரு முனையை அங்கிருந்த கம்பிக் கதவுக்கு அப்பால் ஒரு மரத்தில் கட்டி, கதவின் நெட்டுக்குத்தான கம்பிகளுக்கு இடையே கயிற்றை இழுத்து, மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"மேலயும் கீழயும் ஆட்டுங்கண்ணா."

ஆட்டினேன். அலை கம்பிகளுக்கு நடுவே புகுந்து மரம்வரை ஓடியது. பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். அலை கம்பியில் இடித்து அங்கேயே செத்துப்போனது. எங்களுக்குப் பின்னால் நின்ற லாரியின் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க டீச்சர், மலைய இந்தப் பக்கம் இழுத்துப்போடலாம்னு பாக்கறீங்களா? நாங்களும் ஒரு கை புடிக்கட்டுங்களா?" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மேடம் கொஞ்சமும் கூசாமல், "வாங்கண்ணா, ஆளு பத்தல" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

ரேடியோவுக்கு வரும் அலைக்கும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் நடுவில் டெராஹெர்ட்ஸ் என்று ஓர் அலை இருக்கிறதாம். துணி, அட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தாண்டிப் போகும். இரும்பைத் தாண்டாது. ஈரம் பட்டால் தண்ணீர் அதைக் குடித்துவிடும். அந்த அலையும் கயிறுபோல்தான், ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு போகும். எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை நம் விருப்பத்துக்குத் திருப்ப முடிந்தால் அதை வைத்துப் பல வேலைகள் செய்யலாம். கண்ணாடியோ பெரிய கருவியோ இல்லாமல், ஒரு மெல்லிய படலத்தை வைத்தே திருப்ப வேண்டும் என்பதுதான் மேடத்தின் வேலை. படலத்தின் மேல் பூச்சிக் கால்போன்ற செம்புக் கொக்கிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டினார். கோலப்புள்ளி வைத்ததுபோல் இருந்தது. "இதுக்குள்ள போறப்ப மேலயும் கீழயும் ஆடும். வெளிய வாரப்ப பக்கவாட்டுல ஆடும். அவ்வளவுதானுங்கண்ணா. இதுக்குத்தான் இத்தன வருசம்."

அவ்வளவுதான் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அலையைத் திருப்பும் படலங்களை வேறு பலரும் செய்திருக்கிறார்கள். ஆனால் அவற்றைச் சரியான கோணத்தில் பிடித்தால்தான் திருப்பும், பிடிப்பது மாறினால் திருப்புவதும் மாறிவிடும். மேடத்தின் படலம் எந்தப் பக்கமாகப் பிடித்தாலும் ஒரே மாதிரி திருப்ப வேண்டும். அப்படித்தான் அவர் வரைந்திருந்தார். அதுதான் அவருடைய ஆய்வேட்டின் தலைப்பே. அதை நிரூபிக்க, ஒருமுறை நேராக வைத்தும் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தும் அளக்க வேண்டும். கொக்கிகள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் எது மேல்பக்கம் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். ஆவாரம்பாளையத்துப் பட்டறையில் கடைந்து கொடுத்த வளையத்தில் கோடு போட மறந்துவிட்டார்கள். படலம் ஒட்டிய பிறகு அதில் ஆணி வைத்துக் கீறவும் பயம். மேடம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வளையத்தின் மேல் விளிம்பில் ஒட்டினார். பெட்டிக்குள் வைக்கும்போது பொட்டு எப்போதும் கீல் பக்கமாக இருக்கும்.

அந்த முதல் பயணத்தில் கரண்ட் தகராறு. பொட்டை மேலே வைத்து ஓர் அளவு எடுப்பதற்குள் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. படலம் அலையை முழுசாகத் திருப்பியது, அந்த மட்டுக்கும் மேடத்துக்குச் சந்தோஷம். மிச்சத்துக்கு மறுபடி நாள் கேட்டுக் காத்திருந்தார். இடையில் ஆயுத பூஜை வந்தது.

கொங்கு நாட்டில் ஆயுத பூஜைக்குத் துடைக்காத இரும்பு கிடையாது. லேத் பட்டறை முதல் பஸ் ஸ்டீயரிங்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் காரைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து முடித்ததும், மேடம் தன் அறைக்கும் கொஞ்சம் பூ கொண்டுவரச் சொன்னார். மேசை மேல் சரஸ்வதி படம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் புத்தகங்கள், ஒரு மீட்டர், ஸ்க்ரூ டிரைவர்கள், நடுவில் அந்தப் பெட்டி. பெட்டியைத் திறந்ததும் மூடி நிமிர்ந்து நின்று படத்தை மறைத்தது. "சாமிக்குத் தெரிய வேண்டாமுங்களா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினார். மெல்லிய துணியால் வளையத்தைத் துடைத்தபோது, பசை காய்ந்துபோயிருந்த பொட்டு துணியோடு வந்துவிட்டது. "பாருங்கண்ணா, நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியா நிக்குது" என்று சொல்லி, தன் நெற்றியிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்து ஒட்டினார். நான் பூச்சரத்தைத் திறந்திருந்த மூடியின் மேல் போட்டேன். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்துப் போட்டேன். பொரி கடலை தின்றோம்.

தீபாவளி கழித்து இரண்டாவது பயணம். இந்த முறை பொட்டை இடது பக்கமாக வைத்து அளந்தார்கள். நேராக வைத்த அளவுதான் கையில் இருக்கிறதே. நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மேடம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அண்ணா! திருப்பி வச்சாலும் அதே அளவு! இம்மி மாறல!" என்றார். வரும் வழியெல்லாம் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாவடியில் நின்ற காவலருக்கும் கொடுத்தார். கல்லூரி வாசலில் மேடத்தின் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அம்மா மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து அதன் கீழே நின்று, "மூக்கு இவ்வளவு பெருசா போட்டுப்போட்டாங்களே" என்று குறைபட்டுக்கொண்டார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி வாரம். கெட்டி அட்டை போட்டுக் கட்டிய பிரதிகள் பின் சீட்டில் இருந்தன. ஈரோட்டில் இருக்கும் ஆராய்ச்சி வழிகாட்டி ஐயா கையெழுத்துப் போட்டால், அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பெருந்துறைக்கு முன்னால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேடம் பட்டுப் புடவை கட்டியிருந்தார். எதிரே இருந்த சிறு கண்ணாடியைத் தன் பக்கம் இறக்கி முகம் பார்த்தார். பொட்டு கோணலாக இருந்தது. எடுத்தார். கண்ணாடியில் பார்த்து மறுபடி ஒட்டப் போனவர், விரல் நெற்றிக்கு அருகே நிற்க, அப்படியே இருந்தார். ரொம்ப நேரம் கை கீழே இறங்கவே இல்லை.

"அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தினேன். உடம்புக்கு ஏதோ என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மேடம் இறங்கி, மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த கீல் வைத்த டப்பாவைக் கார் முகப்பின் மேல் வைத்துத் திறந்தார். அதற்கு எதிரே ஒரு கைக்குட்டையை மடித்து நிறுத்தினார். அது சரஸ்வதி படம் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. டப்பாவைத் திருப்பினார். மூடி வலது பக்கம் வந்தது. பிறகு இடது பக்கம் வரும்படி திருப்பினார். கடைசியில் மறுபடி வலது பக்கமே கொண்டுவந்தார். பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து, "ஏனுங்கம்மணி, சாப்பிடறதுன்னா உள்ள வந்து உக்காந்து சாப்பிடுங்க, வண்டி மேல வச்சா காக்கா தூக்கிப்போயிரும்" என்றார். மேடம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணா, பூஜையன்னிக்கு நீங்க இருந்தீங்கல்ல. பெட்டிய எந்தப் பக்கம் திருப்பி வச்சிருந்தேன்?"

அந்தக் குரலில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்கு நன்றாக நினைவிருந்தது, பூச்சரம் நழுவியதால்தான் நினைவிருந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும், நான் சொல்லப்போகும் வார்த்தையில் ஏதோ தொங்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. என்னவென்று மட்டும் புரியவில்லை. நினைப்பில்லைங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்குவரைக்கும் வந்தது.

"மூடி உங்க வலது கைப்பக்கம் இருந்துச்சுங்க மேடம்" என்றேன்.

மேடம் தலையை ஆட்டினார். பிறகு, வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாக எனக்குச் சொன்னார். பழைய பொட்டு கீல் பக்கம் இருந்தது. பெட்டி பக்கவாட்டில் திரும்பியிருந்தபோது, தனக்கு எதிரே, படத்தை ஒட்டி இருந்த பக்கத்தை மேல்பக்கம் என்று நினைத்துப் புதுப் பொட்டை ஒட்டிவிட்டார். பொட்டு கால்வட்டம் நகர்ந்துவிட்டது. பூஜை முடிந்து வளையத்தை எடுத்து வைத்தபோது, பழக்கத்தில் புதுப் பொட்டைக் கீல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டதால் பிறகு அது கண்ணில் படவே இல்லை. பெங்களூரில் அந்தப் புதுப் பொட்டை இடது பக்கம் வைத்தபோது, படலம் முதல் தடவை இருந்த அதே நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு தடவையும் ஒரே மாதிரி வைத்து அளந்தால் ஒரே அளவுதான் வரும். "நான் எதையும் திருப்பவே இல்லீங்கண்ணா" என்றார்.

எனக்கு அப்போதும் பாதிதான் விளங்கியது. பின் சீட்டில் இருந்த புத்தகங்களைப் பார்த்தேன். "திருப்பி அளந்தாலும் அதேதான் வருமோ என்னவோங்க" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன்.

"வரலாமுங்க. வராமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியும்னு அதுல எழுதி வச்சிருக்கறேன்."

பேக்கரியில் டீ வாங்கினேன். மேடம் குடிக்கவில்லை, கையில் வைத்திருந்தார். ரோட்டில் ஈரோட்டுப் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. இன்னும் அரை மணி நேரம் ஓட்டினால் கையெழுத்து, மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். மறுபடி அளக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் கல்வியாண்டு முடிந்துவிடும், வேலை போய்விடும். இது எனக்கே தெரியும்போது அவருக்குத் தெரியாதா? ஃபோனை எடுத்து வழிகாட்டி ஐயாவைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் பேசியது கேட்கவில்லை. இந்தப் பக்கம், "இல்லீங்க சார்… ஆமாங்க சார்… யாருக்கும் தெரியாதுங்க சார், எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்களே" என்பது மட்டும் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டு, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார். "திருப்புங்கண்ணா. ஊட்டுக்குப் போலாம்."

கோடையில் மூன்றாவது முறை பெங்களூர் போனோம். கல்லூரி கார் தரவில்லை. நான் விடுப்பு எடுத்து, மச்சானின் காரை ஓட்டிக்கொண்டு போனேன். படலத்தை உண்மையாகவே கால்வட்டம் திருப்பி வைத்தபோது, அது அலையைப் பாதிகூடத் திருப்பவில்லை. செம்புக் கொக்கிகள் அச்சாகும்போது ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டுவிட்டனவாம். மேடம் வெளியே வந்து, "நல்லவேளைங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். அழுததாகத் தெரியவில்லை. திம்பம் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. ஜூன் மாதம் ஃபிளெக்ஸைக் கழற்றிய இடத்தில் வேறு யாரோ ஒருவருக்கு வாழ்த்து வைத்தார்கள். மேடம் சத்தியமங்கலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். பட்டத்துக்கான பதிவை மட்டும் விடாமல் வைத்திருந்தார். கொஞ்ச நாளில் நானும் அந்தக் கல்லூரியை விட்டு வந்துவிட்டேன்.

இப்போது காந்திபுரத்தில் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். போன தை மாதம் மேடம் ஃபோன் செய்தார். வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், நீங்கள் வர வேண்டும் என்றார். போனேன். கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தேன். அம்மா முன் வரிசையில் இருந்தார், முடி முழுக்க வெளுத்திருந்தது. மேடம் திரையில் அந்தப் படலத்தைக் காட்டிப் பேசினார். தலைப்பு மாறியிருந்தது. எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி திருப்பும் படலம் என்று இப்போது சொல்லவில்லை. படலத்தைச் சுழற்றச் சுழற்ற, அலை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் குழாயைத் திருகுவதுபோல் நாமே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். முன்பு சொன்னதைவிடச் சின்ன விஷயம்தான், ஆனால் அளந்து பார்த்த விஷயம். பொட்டு இடம் மாறிய கதையையும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இந்தப் பக்கத்தை நீங்க எழுதாம விட்டிருந்தா எங்களுக்கே தெரிஞ்சிருக்காது. முதல் ஆய்வேட்டையே கொடுத்திருக்கலாமே. ஏன் திரும்பிப் போனீங்க?"

மேடம் கடைசி வரிசையைப் பார்த்தார். "நான் ஒருத்தர்கிட்டக் கேட்டேனுங்க சார். அவர் பாத்தத அப்படியே சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் நான் எப்படீங்க மாத்தி எழுதறது? அவர் இங்கதான் இருக்கறாரு."

அது முழு உண்மையில்லை. நான் பதில் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்கும்போதே அவருடைய கை அந்த டப்பா மூடியை வலது பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தது. நான் நினைப்பில்லை என்று சொல்லியிருந்தாலும் வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார். தன்னந்தனியாகச் சுமந்த ஒன்றில் எனக்கும் ஓர் ஓரத்தைப் பிடிக்கக் கொடுத்தார், அவ்வளவுதான். அதை எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தேர்வாளர், "நீங்கதானா ஐயா?" என்றார்.

எழுந்து நின்றேன். அவ்வளவு படித்தவர்கள் இருக்கும் இடத்தில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. நினைத்து வைத்தது எதுவும் வரவில்லை.

"ஆமாங்க. மூடி வலது கைப்பக்கம்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. தேர்வாளர் தலையசைத்து, முன்னால் இருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டார். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.